செத்தவர் தேர்தலில் நின்றார்!

ஏட்டில் ஏறிய ஒரு பொய் - அதை எதிர்த்துப் போராடிய தர்க்கம்

பாங்கியில் கடன் கேட்கப் போனார் ஓர் இளைஞர். கைத்தறித் தொழில் நடத்த வேண்டும் என்பது அவர் ஆசை.

"இன்னார்தான்" என்பதற்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அத்தாட்சி வாங்கத் தாலுகா ஆபீசுக்குப் போனார். அங்கே ஏட்டைப் புரட்டினார்கள்.

ஏட்டில் அவர் பெயர் இருந்தது. ஆனால், அவர் இறந்துவிட்டதாக எழுதியிருந்தது!

அவர் பெயர் லால் பிகாரி. உத்தரப்பிரதேசத்தில் ஆஜம்கர் ஜில்லாவைச் சேர்ந்தவர். இது நடந்தது 1970-களின் நடுவில். அப்போது அவருக்கு இருபது வயதுதான்.

உயிரோடு, கை கால்களோடு, மேஜைக்கு எதிரே நிற்கிறார். ஆனாலும் ஏட்டின்படி அவர் பிணம். அவருக்குச் சேர வேண்டிய ஒரு ஏக்கருக்கும் குறைவான பூர்வீக நிலம் உறவினர் பெயருக்கு மாறியிருந்தது. அந்த நிலத்துக்காகத்தான் ஏட்டில் அவர் "சாகடிக்கப்பட்டார்".

யாரும் அவர் மேல் கத்தி வீசவில்லை. பேனாவால் ஒரு வரி எழுதினார்கள். அவ்வளவுதான்!

செத்தவர் போட்ட மனு

லால் பிகாரி அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. அவர் ஒரு யுக்தி செய்தார்.

"சரி, நான் செத்தவன் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் என் மனைவி விதவை அல்லவா? அவளுக்கு விதவை உதவிப் பணம் கொடுங்கள்" என்று மனுப் போட்டார்.

தமக்குத் தாமே இறுதிச் சடங்கு நடத்தினார். பெயரோடு "மிருதக்" என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார். "இறந்தவர்" என்பது அதன் பொருள்.

1989-ல் பாராளுமன்றத் தேர்தல் வந்தது. அமேதி தொகுதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்து நின்றார் இந்தச் "செத்தவர்"! ஜெயிப்பதற்காக அவர் நிற்கவில்லை. வேட்பாளர் பட்டியலில் தம் பெயர் ஏற வேண்டும் என்பதற்காக நின்றார்.

ஏன் தெரியுமா? வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்தான் வேட்பாளராக நிற்கலாம் என்பது சட்டம். வாக்காளர் என்றால் உயிரோடு இருப்பவர். அப்படியானால் சர்க்காரின் ஓர் ஏடு அவரைச் செத்தவர் என்கிறது. இன்னோர் ஏடு உயிரோடு இருக்கிறார் என்கிறது.

இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும்!

இதற்குத்தான் தர்க்கம் என்று பெயர். பெரிய பண்டிதர்கள் படிக்கும் சாஸ்திரம் என்று பயப்பட வேண்டாம். "இது உண்மை என்றால், அதுவும் உண்மையாக வேண்டும். அது பொய் என்றால், இதுவும் பொய்" என்று படிப்படியாக யோசிப்பதுதான் தர்க்கம்.

இன்று ஏடுகள் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டன. ரேஷன் அட்டை, பட்டா, பாங்கிக் கணக்கு, பென்ஷன், பள்ளிக்கூட மார்க்கு எல்லாம் கம்ப்யூட்டர் பேரேட்டில் இருக்கின்றன. அதை "டேட்டாபேஸ்" என்கிறார்கள். லால் பிகாரி செய்த அதே யோசனையை இப்போது கம்ப்யூட்டரும் செய்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குமூலம்

இங்கிலாந்தில் ஜார்ஜ் பூல் என்று ஒரு கணித மேதை இருந்தார். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். 1854-ல் மனித சிந்தனையின் விதிகளைக் கணக்குப் போல எழுதிக் காட்டும் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். உண்மை என்றால் 1. பொய் என்றால் 0. கூட்டல் பெருக்கல் செய்வது போல உண்மையையும் பொய்யையும் வைத்துக் கணக்குப் போடலாம் என்று காட்டினார். எவரெஸ்ட் சிகரத்துக்கு யாருடைய பெயர் வைக்கப்பட்டதோ, அந்த ஜார்ஜ் எவரெஸ்டின் தம்பி மகளைத்தான் இவர் மணந்தார்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்தது. எட்கர் காட் என்பவர் வந்தார். இவரும் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாவது உலக யுத்தத்தில் விமானம் ஓட்டியவர். பிறகு அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் ஆராய்ச்சி செய்தார்.

1970-ல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். "தகவல்களைக் கட்டம் கட்டமாக, அட்டவணையாக வையுங்கள். ஒவ்வொரு வரியும் ஓர் உண்மையைச் சொல்லட்டும்" என்பதே அதன் சாரம். இன்று உலகத்தில் பெரும்பாலான பாங்கிகளும் சர்க்கார் ஆபீசுகளும் வைத்திருக்கும் கம்ப்யூட்டர் பேரேடுகள் அந்த வழியில் அமைந்தவைதான். 1981-ல் அவருக்குக் கம்ப்யூட்டர் துறையின் மிகப் பெரிய பரிசான டூரிங் பரிசு கிடைத்தது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேரேட்டில் ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குமூலம். "இந்த அட்டைக்கு உரியவர் இன்னார். பிறந்த தேதி இது. ஊர் இது" என்று அந்த வரி சாட்சி சொல்கிறது. சாட்சி சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம் அல்லவா? கம்ப்யூட்டர் அதைத்தான் செய்கிறது.

வாசலில் நான்கு காவலர்கள்

ஒரு புது வரியைப் பேரேட்டில் எழுதுவதற்கு முன்பும், பழைய வரியை மாற்றுவதற்கு முன்பும், விதிகளை வைத்துச் சோதிக்கிறார்கள். வாசலில் நிற்கும் காவலர்கள் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் காவலர், "இது நடக்கக் கூடிய விஷயமா?" என்று கேட்பார். பிறந்த மாதம் 13 என்று எழுதினால் விடமாட்டார். பிப்ரவரி 30 என்றால் திருப்பி அனுப்புவார்.

இரண்டாவது காவலர், "இந்த எண் வேறு யாருக்காவது கொடுத்தாகிவிட்டதா?" என்று பார்ப்பார். ஒரே எண்ணில் இரண்டு ரேஷன் அட்டை இருக்கக் கூடாது.

மூன்றாவது காவலர், "நீ சொல்லும் ஆள் இருக்கிறாரா?" என்று கேட்பார். "இந்தப் பிள்ளை இன்ன எண் அட்டையைச் சேர்ந்தது" என்று எழுதினால், அந்த எண்ணில் ஓர் அட்டை இருக்க வேண்டும். இல்லாத அட்டையில் பிள்ளையைச் சேர்க்க முடியாது. பிள்ளையின் பெயர் இருக்கும்போது அட்டையை மட்டும் அழிக்கவும் முடியாது.

நான்காவது காவலர், ஒன்றோடு ஒன்றை ஒத்துப் பார்ப்பார். இறந்த தேதி, பிறந்த தேதிக்கு முன்னால் வரலாமா? தாயைவிட மகனுக்கு வயது அதிகமாக இருக்கலாமா? "ஆகாது" என்பார் அவர்.

நான்கு பேரும் தலையசைத்தால்தான் வரி உள்ளே போகும். ஒருவர் மறுத்தாலும் போகாது.

கடைசி இலக்கத்தின் ரகசியம்

வீட்டில் உள்ள பிள்ளைகள் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு இதோ.

பாங்கி கொடுக்கும் அட்டையில் நீளமான எண் இருக்கிறது. அதன் கடைசி இலக்கம் காவல் இலக்கம். ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்ற எஞ்சினீயர் கண்டுபிடித்த முறை இது. 1960-ல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

நான்கு இலக்கத்தில் செய்து பார்ப்போம். எண் 4564.

வலப்பக்கத்திலிருந்து வாருங்கள். முதல் இலக்கம் 4. அதை அப்படியே வையுங்கள். அடுத்தது 6. அதை இரட்டியுங்கள்: 12. இரண்டு இலக்கம் வந்தால் அவற்றைக் கூட்டுங்கள்: 1, 2 சேர்ந்து 3. அடுத்தது 5. அப்படியே வையுங்கள். அடுத்தது 4. இரட்டித்தால் 8.

இப்போது எல்லாவற்றையும் கூட்டுங்கள். 4, 3, 5, 8 சேர்ந்து 20. கடைசியில் பூஜ்யம் வந்தால் எண் சரி!

எழுதுபவர் கை தவறி 5464 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். அதே மாதிரி கூட்டினால் 4, 3, 4, 1 சேர்ந்து 12. பூஜ்யம் வரவில்லை. தவறு பிடிபட்டது! பக்கத்தில் பக்கத்தில் உள்ள 0-வும் 9-ம் இடம் மாறினால் மட்டும் இந்த முறை ஏமாந்து போகும்.

நம் ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள். அதன் கடைசி இலக்கமும் காவல் இலக்கம்தான். ஆனால் முறை வேறு. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த வெர்ஹூஃப் என்ற கணித அறிஞர் 1969-ல் சொன்ன முறை அது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் எவை இடம் மாறினாலும் அது பிடித்துவிடும்.

முழுவதும், இல்லையேல் ஒன்றும் இல்லை

புது வரி எழுதுவது ஒரு வேலை. உள்ள வரிகளை மாற்றுவது இன்னொரு வேலை. இது இன்னும் கடினம்.

கோயமுத்தூரில் படிக்கும் மகனுக்கு அம்மா 500 ரூபாய் அனுப்புகிறாள். பேரேட்டில் இரண்டு மாற்றம் செய்ய வேண்டும். அம்மா கணக்கில் 500 குறைய வேண்டும். மகன் கணக்கில் 500 ஏற வேண்டும்.

முதல் வேலை முடிந்தது. அந்தச் சமயம் பார்த்து மின்சாரம் போய்விட்டது! அம்மா கணக்கில் பணம் போயிற்று. மகன் கணக்கில் வரவில்லை. அந்த 500 ரூபாய் எங்கே?

இப்படி நடக்காதிருக்க ஒரு விதி உண்டு. இரண்டு மாற்றமும் நடந்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. பாதியில் நின்றால் முதல் மாற்றமும் ரத்து. மின்சாரம் வந்ததும், கம்ப்யூட்டர் தன் குறிப்பேட்டைப் பார்த்து, பாதியில் நின்ற வேலையைப் பழையபடி ஆக்கிவிடும்.

இந்த முறையைச் செம்மை செய்தவர்களில் முக்கியமானவர் ஜிம் கிரே என்ற அமெரிக்கர். 1998-ல் அவருக்கும் டூரிங் பரிசு கிடைத்தது.

அவர் முடிவு சோகமானது. 2007 ஜனவரியில், தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பாய்மரப் படகில் தனியாகச் சென்றார். திரும்பி வரவில்லை. கப்பல், விமானம், விண்கோள் படம் எல்லாம் வைத்துத் தேடினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

உயிரோடு இருக்கிறாரா? இறந்துவிட்டாரா? ஏட்டில் என்ன எழுதுவது?

இரண்டும் எழுதக் கூடாது. "தெரியாது" என்றுதான் எழுத வேண்டும். கம்ப்யூட்டர் பேரேட்டில் இதற்கென்று தனிக் குறி உண்டு. உண்மை, பொய் என்ற இரண்டோடு "தெரியாது" என்ற மூன்றாவதையும் வைத்துக் கணக்குப் போட வழி சொன்னவர், முன்னே பார்த்த காட்தான். 2012-ல்தான் ஜிம் கிரே சட்டப்படி இறந்தவராக அறிவிக்கப்பட்டார். அதுவரை ஐந்து ஆண்டுகள் அவர் பெயருக்கு நேரே நேர்மையான பதில் "தெரியாது" என்பதே.

எது பொய்?

இத்தனை காவல் இருக்கும்போது பொய் நுழையுமா? நுழையும்!

லால் பிகாரியின் வரியை நான்கு காவலர்களிடமும் காட்டுங்கள். பிறந்த ஆண்டு 1955. இறந்ததாக எழுதிய ஆண்டு அதற்குப் பிந்தியது. தேதி சரி. பெயர் சரி. ஊர் சரி. நிலம் உறவினருக்கே போகிறது. அதுவும் விதிப்படி சரி. நான்கு பேரும் தலையசைத்து உள்ளே விட்டுவிடுவார்கள்.

தர்க்கம் முரண்பாட்டைப் பிடிக்கும். முரண்பாடு இல்லாத பொய்யைப் பிடிக்காது!

சரி, முரண்பாடு தெரிந்தால்தான் என்ன? "இறந்தவருக்குப் பென்ஷன் கிடையாது" என்பது விதி. ஓர் ஏட்டில் ஒருவர் இறந்ததாக இருக்கிறது. இன்னோர் ஏட்டில் அவர் மாதா மாதம் பென்ஷன் வாங்குவதாக இருக்கிறது. கம்ப்யூட்டர் மணி அடிக்கும். "இரண்டும் ஒத்துப்போகவில்லை" என்று சொல்லும்.

ஆனால் எது தவறு? அவர் உயிரோடு இருக்கலாம். இறந்ததாக எழுதியது தவறாக இருக்கலாம். அல்லது அவர் இறந்திருக்கலாம். அவர் பெயரில் வேறு யாரோ பணம் வாங்கலாம். கம்ப்யூட்டருக்கு இதைச் சொல்லத் தெரியாது. மேஜையை விட்டு எழுந்து, அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பார்க்க ஒரு மனிதர் வேண்டும்.

அப்படிப் போய்ப் பார்க்காமல், "கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது" என்று பென்ஷனை நிறுத்தினால், ஒரு கிழவியின் அடுப்பு அணைந்துவிடும்.

இன்னும் ஓர் ஆபத்து உண்டு. லால் பிகாரி காலத்தில் ஏடுகள் தனித்தனியாக இருந்தன. ஒன்றில் செத்தவர் இன்னொன்றில் உயிரோடு இருந்தார். அதனால்தான் அவர் தேர்தலில் நிற்க முடிந்தது. இன்று ஏடுகளை ஒன்றோடு ஒன்று இணைக்கிறார்கள். இணைத்தால் தவறு சீக்கிரம் தெரியும். அது நன்மை. ஆனால் ஓர் ஏட்டில் எழுதிய பொய், ஒரே நாளில் எல்லா ஏட்டுக்கும் பரவவும் கூடும். அப்போது "நான் உயிரோடு இருக்கிறேன்" என்று காட்ட வேறு ஏடே இராது!

பட்டியலில் இல்லாதவர்

"ரயில் அட்டவணையில் நள்ளிரவு வண்டி போடவில்லை. ஆகவே நள்ளிரவு வண்டி கிடையாது." இது நியாயமான யோசனை. கம்ப்யூட்டரும் இப்படித்தான் யோசிக்கிறது. பேரேட்டில் இல்லாதது உலகத்திலும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறது. கனடா நாட்டு அறிஞர் ரேமண்ட் ரைட்டர் 1978-ல் இந்த யோசனைக்கு "மூடிய உலகம்" என்று பெயர் வைத்தார்.

ரயில் வண்டிக்கு இது சரி. மனிதருக்குச் சரியா? வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அன்று ஓட்டுப் போட முடியாது. ஆனால் அந்த மனிதர் வாசலில் நிற்கிறார்! பட்டியல் முழுமையாக இருந்தால்தான் "இல்லை" என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு.

ஒரு செங்கல்லை உருவினால்...

தவறு தெரிந்துவிட்டது. திருத்த வேண்டும். ஒரு வரியை அழித்துவிட்டால் போதுமா?

போதாது. "லால் பிகாரி இறந்தார்" என்ற வரியை வைத்துத்தானே "நிலம் உறவினருக்கு" என்ற வரி வந்தது? அடியில் உள்ள செங்கல்லை உருவினால், அதன் மேல் கட்டிய சுவரையும் பார்க்க வேண்டும். ஒரு பொய்யைத் திருத்தும்போது, அந்தப் பொய்யிலிருந்து பிறந்த எல்லா வரிகளையும் தேடித் திருத்த வேண்டும். இதுவும் தர்க்கத்தின் விதி.

அதனால் நல்ல பேரேட்டில் பழைய வரியைச் சுரண்டி அழிக்கமாட்டார்கள். யார் எழுதினார், எந்தத் தேதியில், எந்த அத்தாட்சியைப் பார்த்து எழுதினார் என்று குறித்து வைப்பார்கள். எந்த வரியிலிருந்து எந்த வரி வந்தது என்பதும் தெரியும். நம் ஊர்க் கடைகளில் கணக்குப் பிள்ளைகள் தவறான வரியை அழிக்காமல், கோடு போட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுவார்களே, அதே வழக்கம்தான்!

வீட்டில் செய்ய வேண்டியது

குடும்பத்தில் பிறப்போ இறப்போ நேர்ந்தால் 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1969-ம் ஆண்டுச் சட்டம் வந்த பின் உள்ள நடைமுறை. சான்றிதழ் கைக்கு வந்ததும் பெயர், தகப்பனார் பெயர், தேதி மூன்றையும் எழுத்துக் கூட்டிப் படியுங்கள்.

பட்டா, சிட்டா விவரங்களை இப்போது இணையத்திலேயே பார்க்கலாம். படித்த பிள்ளையை உட்கார வைத்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அவ்வப்போது பாருங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க 6-ம் எண் படிவம். திருத்த 8-ம் எண் படிவம். மனுக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குங்கள். அந்தத் துண்டுக் காகிதம்தான் உங்கள் பக்கத்துச் சாட்சி.

லால் பிகாரி என்ன ஆனார்? 1994-ல்தான் ஏடு திருத்தப்பட்டது. அவர் மறுபடியும் உயிருள்ளவர் ஆனார். அதற்கு ஏறத்தாழ 18 ஆண்டுகள் பிடித்தன.

அவர் அதோடு நிற்கவில்லை. தம்மைப் போல ஏட்டில் சாகடிக்கப்பட்டவர்களைத் திரட்டி "மிருதக் சங்கம்" நடத்தினார். செத்தவர்கள் சங்கம்! 2003-ல் அமெரிக்காவில், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் காரியங்களுக்குக் கொடுக்கும் "இக் நோபல்" பரிசு அவருக்குக் கிடைத்தது.

பெயரோடு சேர்த்த "மிருதக்" என்ற சொல்லை, உயிருள்ளவர் என்று ஏடு ஒப்புக்கொண்ட பிறகும் அவர் எடுத்துவிடவில்லை. இன்னும் எத்தனையோ பேர் ஏட்டில் செத்துக் கிடக்கிறார்களே!